ஒரு கல்லின் பெயர் வழக்கு: நிலநூலார் கடிதப் போர் பற்றிய ஒரு திறனாய்வு

அறிவு தனித்திருந்து முழுமை பெறுவதில்லை. ஒருவர் கண்டதை மற்றொருவர் கேட்டு ஐயுற்று, மூன்றாமவர் நேரிற் சென்று பார்த்துத் திருத்திய பின்னரே ஒரு செய்தி அறிவியல் உண்மை என்னும் தகுதியை அடைகிறது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதும் எண்ணத்தக்கது. கற்றல் ஒரு பாதி. கற்றதை அறிவுடையார் நடுவில் வைத்து அவர்தம் வினாக்களுக்கு விடை கூறுதல் மறுபாதி.

ஆயின், அறிஞர்கள் ஓரிடத்திற் கூட இயலாத நிலையில் அவை எவ்வாறு அமையும்? அங்கே கடிதமே அவையாகிறது. அமெரிக்க நாட்டின் நிலநூல் வரலாறு இதற்கு நல்ல சான்று. அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நில ஆய்வு நடத்தி வந்தது. ஒரே பாறை அடுக்கு மாநில எல்லையைத் தாண்டியதும் வேறு பெயர் பெற்றது. பெஞ்சமின் சில்லிமன் 1818 ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியல் இதழ், தொலைவில் இருந்த ஆய்வாளர்களின் கடிதங்களையும் கட்டுரைகளையும் ஒன்று சேர்த்தது. பின்னர் 1840 ஏப்ரல் மாதம் பிலடெல்பியா நகரில் பதினெட்டு நிலநூலார் கூடித் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கமே விரிந்து 1848 இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகமாயிற்று. ஒரு பாறைக்கு எல்லாரும் ஒரே பெயரை வழங்க வேண்டும் என்னும் எளிய தேவையும் அவர்களைக் கூட்டிய காரணங்களுள் ஒன்று.

அத்தகைய பெயர் வழக்கு ஒன்று தென்னிந்தியாவிலே தோன்றி, மலாயா வரை வந்து, இலண்டன் இதழ் ஒன்றில் வாதிடப்பட்டது. அதற்குப் பொருளாயிருந்தது பொன்னும் அன்று, மணியும் அன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரக் காட்டினூடே செல்லும் செம்மண் சடக்கில் அன்றாடம் காலில் மிதிபடும் கல்லே அது. ஆங்கிலத்தில் லேட்டரைட் எனவும் தமிழில் செம்புரைக்கல் எனவும் வழங்கும் அக்கல்லைப் பற்றி அறிஞர்கள் எழுதிய கடிதங்களின் நிறையும் குறையும் ஆராயத்தக்கவை.

பெயர் பிறந்த வரலாறு

மைசூர்ப் போர் முடிந்தபின், புதிதாகக் கைக்கு வந்த நாடுகளின் நிலவளம், பயிர், தொழில் ஆகியவற்றை அறிந்து வருமாறு வெல்லெஸ்லி பிரபு பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவரை அனுப்பினார். அவர் 1800 ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றி 1801 இல் பயணத்தை முடித்தார். பயண நூல் 1807 இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். அங்கே மண்ணுக்குள் கிடக்கும் ஒருவகைப் பொருள், இரும்புக் கருவியால் எளிதில் அறுக்கும் அளவுக்கு மென்மையாக இருந்தது. தொழிலாளர் அதனைச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்து உடனே செப்பனிட்டனர். காற்றுப் பட்டதும் அது செங்கல் போல் இறுகியது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத சுவர்க்கல்லாயிற்று. நாட்டு மக்கள் அதனைச் செங்கற்கல் என்னும் பொருளில் ‘இட்டிக கல்லு’ என்று வழங்குவதைப் புக்கானன் குறித்துக்கொண்டார். இட்டிகை என்பது செங்கல்லைக் குறிக்கப் பழந்தமிழிலும் வழங்கிய சொல். இலத்தீன் மொழியில் செங்கல்லுக்கு ‘லேட்டர்’ என்று பெயர். அதிலிருந்து அவர் ‘லேட்டரைட்’ என்னும் சொல்லை ஆக்கினார்.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். புக்கானன் புதுப்பெயர் படைத்தார் என்பது பாதி உண்மையே. அவர் செய்தது மொழிபெயர்ப்பு. பெயரின் கருத்தும், அக்கருத்துக்கு அடிப்படையான பட்டறிவும் கல் வெட்டியவர்களுக்கு உரியன. புக்கானன் பெயர் நூல்களில் நிலைத்தது. வெட்டியவர் பெயர் எவர்க்கும் தெரியாது.

வழக்கு வளர்ந்த வகை

பெயர் கிடைத்தபின் பொருள் பற்றிய வினாக்கள் எழுந்தன. இக்கல் எவ்வாறு உண்டாயிற்று? அடியிலுள்ள பாறை அங்கேயே அழுகி மாறியதா, அல்லது வெள்ளம் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து குவித்ததா? சென்னை மாகாணத்து அலுவலர்களும் படைவீரர்களும் மருத்துவர்களும் தாம் கண்டவற்றைச் சங்க இதழ்களுக்கு எழுதியனுப்பினர். அவர்களுள் ஒருவர் சென்னைப் படையைச் சேர்ந்த தாமஸ் நியூபோல்ட். அவர் மலாக்காவிற் பணியாற்றியவர். சுங்கை ஊஜோங், ரெம்பாவ், ஜொகோல் முதலிய சிற்றரசுகளைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 1839 இல் வெளியிட்டவர். பின்னர்த் தென்னிந்திய நிலநூல் பற்றி விரிவாக எழுதியபோது செம்புரைக்கல்லையும் ஆராய்ந்தார். இன்று நெகிரி செம்பிலான் எனப்படும் நாட்டைப் பற்றி எழுதிய கையே அக்கல்லைப் பற்றியும் எழுதியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1863 மே 30 ஆம் நாள், இந்திய நில ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய குழி ஒன்றில் பழங்கால மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இக்கண்டுபிடிப்பு இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய் ஆயிற்று. அதே நேரத்தில் கல் வழக்குக்கும் ஒரு சான்று கிடைத்தது. மனிதன் செய்த கருவி உள்ளே கிடக்கிறது என்றால், அவ்விடத்துச் சரளை நீரால் அடித்து வரப்பட்டுப் படிந்ததாகத்தானே இருத்தல் வேண்டும்? எனவே மலைமுகடுகளில் அங்கேயே உண்டான கல் வேறு, தாழ்நிலத்தில் வந்து படிந்த கல் வேறு என்னும் பாகுபாடு வலுப்பெற்றது. இரு கட்சியாரும் ஒருவகையில் உண்மையே கூறியிருந்தனர். ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தையே உலகம் என எண்ணியதுதான் பிழை.

அடுத்து வந்தது வேதியியல். ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் பவர் 1898 இல் செஷல்ஸ் தீவுகளின் செம்புரைக்கல்லைப் பகுத்தாராய்ந்தார். அதில் நீர் சேர்ந்த அலுமினிய ஆக்சைடு மிகுந்திருந்ததைக் காட்டி, அது பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவை ஒத்தது என்றார். இந்திய நில ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1903 இல் இதே பொருள் பற்றி எழுதினார். இதன் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் நீர் பாறையிலுள்ள சுண்ணம், பொட்டாசு, சிலிக்கா முதலியவற்றைச் சிறுகச் சிறுகக் கரைத்துச் செல்கிறது. எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. இரும்பு துருவாகிச் செந்நிறம் தருகிறது. நீர் ஏறி இறங்கும் மண்ணில் அத்துரு வலைபோற் பின்னி, காய்ந்ததும் இறுகிவிடுகிறது.

இவ்விளக்கத்தால் ஒரு சிக்கல் பிறந்தது. அலுமினியம் மிகுந்ததே உண்மையான லேட்டரைட் என்று சிலர் கொள்ளலாயினர். அப்படியானால், இரும்பு மிகுந்து, வீடு கட்டவும் சாலை போடவும் பயன்படும் கல்லுக்கு என்ன பெயர்? எந்தக் கல்லுக்கு அப்பெயர் முதலிற் சூட்டப்பட்டதோ, அக்கல்லே பெயரை இழக்கும் நிலை உண்டாயிற்று.

மலாயாவிலிருந்து ஒரு கடிதம்

அந்நாளில் பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கும் நிலநூல் அறிஞராக இருந்தவர் ஜே. பி. ஸ்கிரிவனர். 1903 இல் பதவியேற்ற அவர் பத்து காஜாவில் இருந்து பணியாற்றினார். மலாயாவில் பொறியாளரும் பொதுமக்களும் லேட்டரைட் என்றால் சாலைக்குப் போடும் இரும்புக் கல்லையே கருதினர். போர்த்துகீசியர் காலத்து மலாக்காக் கட்டடங்களிலும் அக்கல்லே காணப்பட்டது. எனவே, சொல் அதன் முதற்பொருளை விட்டு விலகிச் செல்வதைக் கண்டித்து, இலண்டனில் வெளிவந்த நிலநூல் இதழுக்கு 1909 இல் ஸ்கிரிவனர் கடிதம் எழுதினார். இலண்டன் இம்பீரியல் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் குருக் மறுப்பு எழுதி, வேதியியல் விளக்கத்தின் பக்கம் நின்றார். ஜே. டபிள்யூ. எவான்ஸ் முதலியோரும் வாதில் இறங்கினர். கடிதமும் விடையும் கப்பலேறிச் செல்ல வேண்டிய காலம். ஒரு வினாவுக்கு அச்சில் மறுமொழி காண மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தும் வழக்கு 1910 இலும் தொடர்ந்தது.

முடிவில் 1911 ஆம் ஆண்டு, இந்திய நில ஆய்வுத் துறையின் லீ பெர்மர், ‘லேட்டரைட் என்பது யாது?’ என்னும் தலைப்பில் அதே இதழில் மூன்று பகுதிகளாக ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இரும்பா அலுமினியமா என்று சண்டையிட வேண்டியதில்லை. இரும்பு, அலுமினியம், டைட்டேனியம், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகள் எல்லாமே இக்கல்லுக்கு உரியன. அவை மொத்தத்தில் எத்தனை விழுக்காடு உள்ளன என்பதைக் கொண்டு வகை பிரிக்கலாம் என்பது அவர் முடிபின் சாரம்.

நிறையும் குறையும்

இக்கடிதப் போரின் நிறைகள் மூன்று.

முதலாவது, இது வெளிப்படையாக நடந்தது. ஒரு காலனி நாட்டு அலுவலர் தலைநகரத்து ஆய்வு நிலையத்தாரை மறுத்தார். இதழ் இருவர்க்கும் இடம் கொடுத்தது. பதவியைக் காட்டி எவரும் வாதத்தை முடிக்கவில்லை.

இரண்டாவது, சொல்லாராய்ச்சி பொருளாராய்ச்சியை வளர்த்தது. சொற்சண்டை வீண் என்று எண்ணுவோர் பலர். ஆனால், பெயரை வரையறுக்க முயன்றமையால் கல்லின் கூறுகளை ஆய்ந்து பார்க்க நேர்ந்தது. பெர்மரின் கட்டுரை இப்பூசலின்றி எழுந்திருக்குமா என்பது ஐயமே.

மூன்றாவது, அறிஞர்கள் மூலத்துக்குத் திரும்பினர். புக்கானன் எழுதிய பக்கங்கள் மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டன. 1936 இல் சி. எஸ். பாக்ஸ், புக்கானன் கண்ட மலையாளம், கன்னட நாட்டுக் கல்லையே ஆராய்ந்து எழுதினார். ஓய்வு பெற்றுவிட்ட ஸ்கிரிவனர் அதன்மேல் 1937 இல் மீண்டும் ஒரு குறிப்பு வரைந்தார். முதற்கடிதம் எழுதி இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு சொல்லின்மேல் அவர் கொண்ட அக்கறை குறையவில்லை.

குறையும் இல்லாமல் இல்லை. பெர்மரின் விழுக்காட்டு முறை ஒழுங்கானது, கூடத்தில் பயன்படுவது. எனினும் புக்கானனை வியக்க வைத்த பண்பு அந்தக் கணக்கில் இல்லை. மண்ணுள் மென்மை, காற்றில் வன்மை என்பதே அப்பண்பு. அதனை அறிய விழுக்காடு உதவாது; வெட்டிப் பார்த்தல் வேண்டும். தொலைநாட்டுக் காட்சிப் பேழைக்குச் சென்று சேரும் கல் முன்னமே இறுகிய கல். அதன் இளமையை அங்கிருப்பவர் காண்பதில்லை. கண்முன் இருப்பது கட்டியும் அதன் வேதியியலுமே ஆகையால், அவர் வரையறை அவற்றின்மீது எழுவது இயல்பு. ஆய்வு செய்யும் இடமே ஆய்வின் முடிவைச் சாய்த்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வேதியியலார் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் நடுநிலை ஆகாது. அலுமினியம் மிகுந்த செம்புரைக்கல் விலைமதிப்புள்ள தாது. 2014 ஆம் ஆண்டுக்குப் பின் குவாந்தான் வட்டாரத்தில் பாக்சைட் தோண்டும் வேலை பெருகி, சாலைகளிலும் வீடுகளிலும் செந்தூள் படிந்து, 2016 சனவரியில் அரசு தடை விதிக்க நேர்ந்ததை மலேசியர் அறிவர். ஒரே செம்மண், சாலைக் கல் எனப்பட்டால் ஒரு மதிப்பும், தாது எனப்பட்டால் வேறொரு மதிப்பும் பெறுகிறது. அந்த மண்ணின்மேல் வாழ்வோரின் விதியும் அதனோடு மாறுகிறது. ஆதலின் ஒரு சொல்லின் வரையறை ஏட்டோடு நிற்கும் செய்தி அன்று.

மூன்று மொழியில் ஒரே செங்கல்

வழக்கின் முடிவு எவ்வாறாயிற்று? 1960 இல் அமெரிக்க மண்ணியலார் புதிய மண் வகைப்பாடு ஒன்றை வெளியிட்டனர். லேட்டரைட் என்னும் சொல் பலவாறு பொருள்பட்டுக் குழம்பிவிட்டமையால் அதனை விலக்கி, ‘பிளிந்தைட்’ என்னும் புதுச்சொல்லை வழங்கினர். நனைந்தும் காய்ந்தும் வர, மீண்டும் இளகாதவாறு இறுகிவிடும் இரும்பு மிகுந்த மண்பொருள் என்பது அதன் விளக்கம். பிளிந்தோஸ் என்பது கிரேக்க மொழியில் செங்கல்!

இட்டிகை, லேட்டர், பிளிந்தோஸ்: மூன்று மொழி, ஒரே பொருள். ஏறத்தாழ 160 ஆண்டு வாதத்துக்குப் பின்னர், மண்ணியலார் வந்து நின்ற இடம் அங்காடிப்புரத்துக் கல்வெட்டுத் தொழிலாளி தொடங்கிய இடமே. வெட்டும்போது மென்மை, வெளியில் வைத்தால் வன்மை என்று அவர் கையால் அறிந்தது, வகைப்பாட்டு நூலில் வரையறையாக ஏறியது. இதனால் நடுவில் நடந்த ஆராய்ச்சி வீண் என்று கொள்ளலாகாது. அது ஏன் இறுகுகிறது என்பதைத் தொழிலாளி சொல்லியிருக்க முடியாது, அறிஞரே சொன்னார். எது அதன் உயிர்ப்பண்பு என்பதை அறிஞர் இடையில் மறந்தார், தொழிலாளி மறக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததே முழு அறிவு. 1979 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் இக்கல் உருவாகும் முறை பற்றிப் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. அங்காடிப்புரம் இந்திய நாட்டின் தேசிய நிலவியல் நினைவிடங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. பெயரிட்டவர்க்கு நினைவிடம் அமைந்தது நன்று. பெயரின் கருத்தைத் தந்தவர்க்கும் அதிற் பங்குண்டு என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லவேண்டும்.

தமிழுக்கு உரிய பாடம்

இவ்வழக்கைத் தமிழர் வேடிக்கை பார்த்து ஒதுங்கிவிட இயலாது. அக்கல்லுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை நோக்குக. தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களில் இவ்வகை மண் ‘சரளை மண்’ எனப்படுகிறது. ‘துருக்கல்’ என்பாரும் உளர். ‘செம்புரைக்கல்’ என்பது மற்றொன்று. மலையாளத்தார் ‘வெட்டுகல்’ என்பர். இலங்கையில் ‘கபூக்’ என்பர். வேறு சிலர் லேட்டரைட் என ஒலிபெயர்த்து எழுதுவதோடு அமைவர்.

இப்பெயர்களை ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். சரளை என்பது வடிவைச் சொல்கிறது. துருக்கல் என்பது இரும்பை, அதாவது வேதியியலைச் சொல்கிறது. வெட்டுகல் என்பது தொழிலையும், வெட்ட இயலும் மென்மையையும் சொல்கிறது. ஸ்கிரிவனரும் குருக்கும் பெர்மரும் எவற்றைப் பற்றி வாதிட்டார்களோ, அவை எல்லாம் மக்கள் வழக்கில் பெயர்களாகவே நிற்கின்றன. ஆனால் அப்பெயர்களை எதிரெதிர் வைத்து, எது எதற்குப் பொருந்தும் என்று வாதிடும் அவைதான் போதிய அளவில் இல்லை.

சரளை மண் என்னும் வழக்கு ஒரு குறையுடையது. சரளை எல்லாம் இவ்வகைக் கல் அன்று. ஆற்றுப் படுகையிலும் சரளை உண்டு. இக்கல் முழுவதும் சரளை வடிவில் அமைவதும் இல்லை, பாளமாகவும் கிடக்கும். துருக்கல் என்பது இரும்பு மிகுந்த வகைக்குப் பொருந்தும். அலுமினியம் மிகுந்த வகைக்குப் பொருந்தாது. செம்புரைக்கல் என்பதைச் சிலர் றகரமிட்டுச் செம்புறைக்கல் எனவும் எழுதுவர். புரை என்பதற்குத் துளை, உட்குழிவு என்னும் பொருள் உண்டு. உடைத்துப் பார்த்தால் துளை நிறைந்து காணப்படும் செந்நிறக் கல்லுக்கு ரகரமே பொருந்துவதாகத் தோன்றும். இம்முடிவை மறுப்பார் இருக்கலாம். மறுக்கட்டும்! மறுப்பு எழுந்தால்தான் சொல் நிலைபெறும்.

தமிழிற் கலைச்சொல் ஆக்கம் பெரும்பாலும் பட்டியல் முறையில் நடைபெறுகிறது. குழு கூடுகிறது, சொல் இடப்படுகிறது, பட்டியல் அச்சாகிறது. சென்னையில் ஒரு பட்டியல், கொழும்பில் ஒரு பட்டியல், மலேசியாவில் ஒரு பட்டியல் எனப் பிரிந்து நிற்பதும் உண்டு. இது 1840 க்கு முன் அமெரிக்க மாநிலங்கள் இருந்த நிலையை ஒத்தது. குழுவின் உழைப்பு போற்றத்தக்கதே. எனினும், ஒரு சொல் ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்னும் காரணம் பட்டியலில் இராது. காரணம் அறியாத சொல்லை ஆசிரியர் மனனம் செய்விக்கிறார். மாணவர் தேர்வில் எழுதி மறக்கிறார்.

தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது மிகவும் பொருந்தும். மலாயாவின் மண்வகைகளுள் ‘மலாக்கா’ எனப் பெயர் பெற்ற ஒருவகை உண்டு. மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே செம்புரைக் கற்கள் நெருங்கிக் கிடப்பதால் வேர் ஆழமாக இறங்க அதில் இடமில்லை. இதனைக் குழி வெட்டிக் கன்று நட்ட பாட்டன் அறிவான். மண்வெட்டி எந்த ஆழத்தில் கணீரென்று ஒலிக்கும் என்பதை எந்நூலையும் படிக்காமலே சொல்லுவான். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், லயங்கள் கலைந்தும் அவ்வறிவு சொல்லோடு சொல்லாக மறைந்து வருகிறது. பாட்டனின் பட்டறிவும் பேரனின் பாடநூலும் ஒரே கல்லைப் பற்றியவை என்பதை வகுப்பறை இணைத்துக் காட்டாவிட்டால், அறிவியல் எங்கோ பிறநாட்டில் பிறந்தது என்னும் எண்ணமே பிள்ளைகள் உள்ளத்தில் வேர்விடும்.

செய்யத்தக்கது அரிய செயல் அன்று. பள்ளிகள் தத்தம் வட்டாரத்துக் கல்லையும் மண்ணையும் திரட்டி, மக்கள் வழங்கும் பெயரோடு குறித்து வைக்கலாம். கோல பிலாவில் வழங்கும் சொல் சிரம்பானில் வேறாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வேறாக இருக்கலாம். அவற்றை ஒருவருக்கொருவர் எழுதித் தெரிவித்தல் வேண்டும். நாளிதழ்களின் அறிவுப் பகுதிகள் வெறும் பாராட்டுக் கடிதங்களோடு நில்லாமல், காரணம் காட்டி மறுக்கும் கடிதங்களுக்கும் இடம் அளித்தல் வேண்டும்.

ஒரு கல்லின் பெயருக்காக ஓர் அறிஞர் இருபத்தெட்டு ஆண்டு விடாது எழுதினார். மொழியின் பெயரால் மேடையேறுவோர் பலர். ஒரு சொல்லின் பொருளுக்காக ஓர் அஞ்சலட்டை எழுதுவோர் சிலரே. அச்சிலர் பலராகும் நாளில்தான் அறிவியல் தமிழ் பட்டியலை விட்டு வெளியேறி வாழ்வுக்குள் நுழையும்.